ரோடு தெரிகிற இடம்

போன வாரம் நர்ஸ் விக்டோரியாவை ஆஸ்பத்திரி வார்டில், பாதியில் அறுந்த டெலிபோனும் கையுமாக நிற்க வைத்துவிட்டு வந்தோம். இரண்டு வருஷமாக எங்கே இருக்கிறான் என்றே தெரியாத மகன் மெர்வின், ஏதோ ஓர் ஊரின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வார்டு நம்பரைப் பிடித்துப் பேசியிருந்தான். "அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா" என்றான் முதலில். அப்புறம், "இந்த வருஷம் எம்மாவுஸுக்கு எங்க போறீங்க?" என்று கேட்டான். "அரசன கெரேடா. முன்ன டென்ட் போட்டமே, அதே புல்தரை. வந்துடுடா" என்று விக்டோரியா தொண்டை கிழியக் கத்தினாள். அது அவன் காதில் விழுந்ததா இல்லையா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். அதற்குள் லைன் போய்விட்டது. நம்பரும் கிடையாது, ஊர்ப் பெயரும் கிடையாது.

இந்த வாரம் அவளைக் கொள்ளேகால் போகும் பஸ்ஸில் பார்க்கிறோம்.

நைட் டியூட்டி முடிந்து மண்டி மொஹல்லா வீட்டுக்கு வந்தவள், குளித்துவிட்டு உப்புமாவில் இரண்டு வாய் போட்டிருப்பாள். கணவர் சூசைநாதன் வாசலில் பையோடு நின்றார். இன்றைக்கு இடம் பார்க்கிற நாள். மகள் நிக்கோல் தலைகூடச் சீவி முடித்துவிட்டாள். படுக்கிறேன் என்று சொல்ல விக்டோரியாவுக்கு ஆசைதான். ஆனால் அவள் இல்லாமல் இடம் பார்த்து, அந்த இடம் வேறு எங்கோ அமைந்துவிட்டால்? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எம்மாவுஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: உயிர்த்த ஆண்டவர் இரண்டு சீடர்களோடு எம்மாவுஸ் ஊருக்கு வழிநடந்ததை நினைத்து, ஈஸ்டருக்கு மறுநாள் ஊருக்கு வெளியே எங்காவது போய்க் கூடிச் சாப்பிடுவது இவர்கள் வழக்கம். மற்றவர்கள் புளிசாதமும் பந்துமாகப் போய்ப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவார்கள். சூசைநாதன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், கூடவே ஸ்கவுட் மாஸ்டர். மலையும் வேண்டும், ஏரியும் வேண்டும், டென்ட் அடித்து ஒரு ராத்திரி தங்கவும் வேண்டும் அவருக்கு.

இரண்டு வருஷமாக அதுவும் நின்று போயிருந்தது. இந்த வருஷம் நிக்கோல்தான் பிடிவாதம் பிடித்தாள். காலேஜ் முதல் வருஷம் படிக்கிற பெண், பேச்சே இல்லாத வீட்டில் எத்தனை நாள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள்?

பேச்சு நின்றது மெர்வின் குருமடத்திலிருந்து பாதியில் திரும்பி வந்த அன்று. மகன் சாமியாராகப் போகிறான் என்று பங்குக் கோயில் முழுக்கச் சொல்லி, முதல் பூசைக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தவர் சூசைநாதன். "இனிமே உன் பேர் என் வாயில வராது" என்றார். பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பெயர் வரவே இல்லை. டிரில் மாஸ்டர் போட்ட உத்தரவல்லவா, தனக்கே போட்டுக்கொண்டாலும் உத்தரவு உத்தரவுதான்.

அதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சங்கடமும் இருந்தது. மெர்வின் பிறந்த நாளிலிருந்து மனைவியை அவர் 'மெர்வினம்மா' என்றுதான் கூப்பிட்டு வந்தார். மகன் பெயரோடு மனைவி பெயரும் போய்விட்டது. இப்போதெல்லாம் 'இந்தா'தான். அவசரமென்றால் 'இந்தா, உன்னைத்தான்'. நிக்கோலம்மா என்றாவது கூப்பிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாய்க்கு அது வரவில்லை.

"இந்தா, எறங்கணும்" என்றார் இப்போதும்.

விக்டோரியா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப் போயிருந்தாள். நெற்றியில் கம்பி அச்சு விழுந்திருந்தது.

அரசன கெரே ஸ்டாப்பில் ஒரு டீக்கடை மட்டும் உண்டு. அதுவும் பலகை போட்டு மூடியிருந்தது. ரோட்டை விட்டு இறங்கி, முள்வேலி ஓரமாக ஒற்றையடிப் பாதையில் நடந்து, மேட்டில் ஏறினால் கெரே, அதாவது ஏரி. எதிரே கெம்புகல் பெட்டா என்கிற சிவப்புக் கல் மலை. மலைக்கும் கரைக்கும் நடுவில் அந்தப் புல்தரை.

மூன்று பேரும் மேட்டில் ஏறி நின்றார்கள்.

புல்தரை இல்லை. தண்ணீர் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் டென்ட் கயிற்றைக் கட்டிய புங்கமரம், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

"இடம் தப்பா வந்துட்டமாப்பா?" என்றாள் நிக்கோல்.

"எடம் இதுதான். மரத்தப் பாரு."

"அப்போ புல்லு?"

"எம்மாவுஸ் அன்னிக்கு இங்க புல்லுதான் இருக்கும். அன்னிக்கு இருந்துச்சே" என்றார் சூசைநாதன், ஏரி தன்னிடம் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி.

நிக்கோல் யோசித்தாள். "அந்த வருஷம் ஈஸ்டர் எப்பப்பா வந்துச்சு?"

"ஈஸ்டர் ஈஸ்டர் அன்னிக்குத்தான் வந்துச்சு."

"அது இல்லப்பா. அப்ப எனக்குப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டுட்டாங்க. ஏப்ரல் பாதி தாண்டியிருந்துச்சு. இந்த வருஷம் ஈஸ்டரே மார்ச்சுல வருது. ஏரி இன்னும் வத்தவே ஆரம்பிக்கல."

தவக்காலம், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று திருநாட்களால் வருஷத்தை எண்ணுகிற குடும்பம் அது. திருநாள் நிலாவைப் பார்த்து முன்னே பின்னே நகரும். ஏரி அதற்காக நகருமா? அப்போது அவர்கள் படுத்துத் தூங்கியது புல்தரையில் அல்ல, வற்றிப்போன ஏரியின் வயிற்றில். அது இத்தனை வருஷம் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

விக்டோரியா மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் வலிக்காக என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் கண்ணில் வேறொன்று தெரிந்தது. மெர்வின் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான், இந்த மேட்டில் ஏறுகிறான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அம்மா என்னிடம் சொன்னது இந்த இடமா என்று நினைக்கிறான். திரும்பிப் போய்விடுகிறான். இன்னொரு தடவை போன் பண்ணுவானா?

"சரி, வேற எடம் பாப்போம்" என்றார் சூசைநாதன்.

"இங்கயே பக்கத்துல பாருங்களேன்" என்றாள் அவள்.

"பக்கத்துல கல்லும் முள்ளும்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பு இருக்குன்னு பஸ்ல ஒருத்தர் சொன்னாரு."

அந்தப் பக்கம். விக்டோரியா திரும்பி ஒருமுறை புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

ஏரிக்கரையைச் சுற்றி நடக்க நடக்க வெயில் ஏறியது. ராத்திரி முழுக்க வார்டில் நின்ற கால்கள் அவளுடையவை. விடிகிற நேரத்தில் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறி, டாக்டர் வந்து சேர்வதற்குள் அவளுக்கே மூச்சு முட்டிவிட்டது. அதெல்லாம் வேலை, பழகிப்போனது. இந்தப் பொய்தான் பழகவில்லை. வாயில் ஒரு ரகசியத்தை அடக்கிக்கொண்டு, அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடப்பது எந்த நைட் டியூட்டியையும் விட அசதியான வேலை. சொல்லிவிடலாம் என்று பத்து நாளாகத் தினமும் தோன்றுகிறது. சொன்னால், 'அப்போ எம்மாவுஸே வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் என்ன செய்வது?

தோப்பு நல்ல தோப்பு. அதுதான் தொல்லை.

கிளை தாழ்ந்த மாமரங்கள், கூட்டிப் பெருக்கின தரை, பம்ப் செட்டில் சில்லென்று தண்ணீர், தோட்டக்காரர் வீட்டுக்குப் பின்னால் கதவு வைத்த கக்கூஸ். கக்கூஸைப் பார்த்ததும் நிக்கோல் மனம் அங்கேயே குடியேறிவிட்டது. காவல்காரர் ஜடையனிடம் கன்னடத்தில் பேசி, ஓனர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்கிற வரைக்கும் பேச்சை முடித்துவிட்டாள்.

"அப்பா, படுத்துப் பாருங்க" என்றாள்.

இடம் பார்ப்பதில் சூசைநாதனுக்கு ஒரு முறை இருந்தது. காற்று, சரிவு, எறும்புப் புற்று, தண்ணீர் எல்லாம் பார்த்த பிறகு, கடைசியில் தரையில் மல்லாந்து படுப்பார். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்வார். 'ஆமென்' வருவதற்குள் முதுகில் எதுவும் உறுத்தாவிட்டால் அது டென்ட் போடுகிற இடம். உறுத்தினால் பாதி மந்திரத்தில் எழுந்துவிடுவார். ஸ்கவுட் பையன்கள் முதுகுக்குப் பின்னால் இதைச் செய்து காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த இடத்தில் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை.

மாமரத்தடியில் படுத்தார். விக்டோரியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல், ஒரு வேர், ஒரு கட்டெறும்பு, ஏதாவது வராதா?

"ஆமென்" என்றார் சூசைநாதன். எழுந்து உட்கார்ந்தார். "நல்ல எடம்."

"மாந்தோப்புல பாம்பு இருக்கும்" என்றாள் விக்டோரியா.

நிக்கோல் அதைக் கன்னடத்தில் கேட்டாள். ஜடையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் தோப்பில் பாம்பு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லையாம்.

"பம்ப் செட் சத்தம் ராத்திரியெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கும்."

"ராத்திரி கரென்ட் எங்கம்மா இருக்கு, பம்ப் ஓட?"

"பூச்சி விழும். பூவும் பிஞ்சுமா இருக்குற நேரம்."

"சும்னிரும்மா. உங்களுக்கு என்ன ஆச்சு இன்னிக்கு? கக்கூஸ் இருக்கு, நெழல் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

விக்டோரியா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தோற்றுவிட்டோம் என்று நினைத்தாள். எம்மாவுஸ் அன்று தலைவலி என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் அந்தப் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்திருக்க முடியுமா என்றுகூட யோசித்தாள். அவ்வளவு அசதியில் வருகிற யோசனை எதுவும் உருப்படியாக இருக்காது.

கண்ணைத் திறந்தபோது சூசைநாதன் அங்கே இல்லை. தோப்பின் வேலி ஓரம் போய், கையை நெற்றியில் வைத்துத் தூரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். இன்னொரு மூலைக்குப் போனார். அங்கிருந்தும் பார்த்தார். ஒரு பாறை மேல்கூட ஏறி நின்றார். திரும்பி வந்தபோது முகம் சப்பென்று இருந்தது.

"ரோடு தெரியல" என்றார்.

"ரோடு எதுக்குப்பா? நாம என்ன டிராஃபிக் போலீஸா?" என்றாள் நிக்கோல்.

"ரோடு தெரியணும்."

"அதானே" என்று எழுந்தாள் விக்டோரியா. ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை. கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படுகிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். எதுவாக இருந்தால் என்ன, முங்கப் போகிறவளுக்கு ஒரு கட்டை கிடைத்தது. "ராத்திரி யாருக்காவது உடம்பு சரியில்லன்னா ரோட்டுக்குப் போக வேணாமா? தோப்பு வேணாங்க."

நிக்கோல் கக்கூஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுபடி பழைய கரை. புங்கமரத்துக்கு மேலே, மலை தொடங்குகிற இடத்தில் ஒரு பாறைத் திட்டு இருந்தது. மண்ணை விடச் சரளை அதிகம். ஒரு நிழல் இல்லை. காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சை சாதம் சாப்பிடுவதற்குள் எல்லார் பல்லிலும் மண் கடிபட்டது.

சூசைநாதன் திட்டின் நுனிக்குப் போனார். கீழே ஏரி, அதற்கப்பால் முள்வேலி, அதற்கும் அப்பால் ரோடு. ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்து, சரளை மேல் மல்லாந்து படுத்தார்.

முதல் வரியிலேயே முகம் சுளித்ததை விக்டோரியா பார்த்தாள். முதுகை அசைத்தார். இன்னொரு கல் உறுத்தியிருக்க வேண்டும், தோள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. எழுந்துவிடுவார் என்று காத்திருந்தாள். எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்கிற இடத்தில் கொஞ்சம் நின்று, மெதுவாக, முழு மந்திரத்தையும் சொல்லி முடித்தார்.

"ஆமென்."

எழுந்து உட்கார்ந்தார். சட்டை முதுகெல்லாம் சரளை ஒட்டியிருந்தது.

"இங்கதான்" என்றார்.

நிக்கோல் அவரைச் சுற்றி வந்து முதுகைத் தட்டிவிட்டாள். "அப்பா, சாக்காய்த்து, போதும். என்னால முடியல. அங்க மெத்தை மாதிரி மண்ணு. இங்க கல்லு. உங்க ரூல் என்னப்பா ஆச்சு?"

"கல்லைப் பொறுக்கிப் போட்டாப் போச்சு."

"எதுக்கு?"

"ரோடு தெரியுது."

விக்டோரியாவுக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன், உறுத்துகிற தரையில் ஆமென் சொல்லி அவள் பார்த்ததில்லை. தான் சொல்லத் தயாராக வைத்திருந்த பொய்கள் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

சூசைநாதன் பையிலிருந்து வெள்ளைப் பெட்ஷீட்டை எடுத்து நிக்கோலிடம் கொடுத்தார். "டென்ட் இந்த உசரம் இருக்கும். நான் கீழ ரோட்டுக்குப் போறேன். விசில் அடிச்சதும் ரெண்டு பேரும் இதப் பிரிச்சுப் புடிங்க."

அவர் இறங்கிப் போனார். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்றில் பெட்ஷீட் படபடவென்று அடித்தது. கீழே ரோட்டில் அவர் சின்னதாகத் தெரிந்தார். டீக்கடைக்கு எதிரே, பஸ் வந்து நிற்கிற இடத்தில் சரியாக நின்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கின ஆள் மாதிரி மெதுவாகத் திரும்பினார். ஏரியைப் பார்த்தார். தலையைத் தூக்கினார். பாறையைப் பார்த்தார். விசில் கேட்டது. டிரில் மைதானத்தில் செய்வதுபோல இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

விக்டோரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்ஷீட் முனை கையிலிருந்து நழுவியது.

"அம்மா, விட்டுட்டீங்க" என்றாள் நிக்கோல்.

"நீ மடிச்சு எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு, அந்தக் கால்களோடு அவ்வளவு வேகமாக எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

டீக்கடை இப்போது திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் சூசைநாதன் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குத் தெரியணும் ரோடு?" என்றாள் அவள்.

"ரோடு நமக்குத் தெரியணும்னு இல்ல. தேடி வர்றவனுக்கு டென்ட் தெரியணும்."

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"உங்க வார்டு ஆயா பசம்மா. அன்னிக்கு நீ டப்பாவை மறந்துட்டுப் போனேன்னு கொண்டாந்தேன்ல? மேடம் பையன் போன் பண்ணுச்சு, மேடம் அழுவுறாங்க, இப்பப் போவாதீங்க ஸார்னா. அரசன கெரேன்னு நீ கத்தினது வார்டு முழுக்கக் கேட்டுச்சாம்."

வார்டு ஆயாவுக்குத் தெரியும். கட்டிலில் கிடந்த நோயாளிகளுக்குத் தெரியும். பத்து நாளாக அவள் மூட்டையாகக் கட்டிச் சுமந்தது இவருக்கும் தெரிந்திருக்கிறது. விக்டோரியாவுக்குக் கோபம் வர வேண்டும். கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

"தெரிஞ்சு ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னுடுவீங்கன்னு."

"கேட்டா நீ இல்லைன்னுடுவியோன்னு" என்றார் அவர்.

நிக்கோல் பெட்ஷீட்டோடு வந்து சேர்ந்தாள். அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்த்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

டீக்கடைக்கார அம்மாள் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். பெயர் வள்ளியாத்தாள், ஹனூர்ப் பக்கம். காலையில் சந்தைக்குப் போயிருந்தாளாம். தமிழ் காதில் விழுந்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

"ஏனுங்க, பாறை மேல துணி காட்டிட்டு இருந்தது நீங்கதானுங்களா? நான் யாரோ கண்ணு தெரியாம வழி மாறிட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"அடுத்த வாரம் டென்ட் போட வர்றோம்மா. எடம் பாத்தோம்" என்றார் சூசைநாதன்.

"அந்தக் கல்லுக்காட்டுலயா?" வள்ளியாத்தாள் மோவாயில் கை வைத்தாள். "போன ஞாயித்துக்கெழமையும் ஒரு தம்பி வந்து கேட்டாருங்க. இங்க ஒரு புல்லுத்தரை இருந்துச்சே, அஞ்சு வருசத்துக்கு முன்ன அப்பா அம்மாகூட வந்து டென்ட் போட்டமேன்னு. தண்ணியத்தான் காட்டினேன். மேட்டு மேல போயி தண்ணியவே பாத்துட்டு நெம்ப நேரம் நின்னாருங்க. பாவமாப் போச்சு."

விக்டோரியா டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்ததும் சாய்ந்தது. நிக்கோல் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருந்தான்?" என்றாள் விக்டோரியா. "உசரமா? இடது புருவத்துல ஒரு தழும்பு?"

"தழும்பு பாக்கலீங்க. உசரந்தான். கண்ணாடி போட்டிருந்தாரு."

"அண்ணனா?" என்றாள் நிக்கோல். அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளுக்கே தெரிந்துவிட்டது.

சூசைநாதன் எழுந்து நின்றிருந்தார். "நீங்க என்னம்மா சொன்னீங்க அவன்கிட்ட?"

வள்ளியாத்தாளுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது. குரல் இறங்கியது. "இந்த வருசம் தண்ணி நெம்ப இருக்குதுங்க, இங்க யாரும் கூடாரமடிக்க வர மாட்டாங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க. எனக்கென்ன தெரியும் சாமி?"

"உங்க மேல தப்பில்லம்மா" என்றாள் விக்டோரியா. அது அவள் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் சொல்கிற குரல். பழக்கத்தில் வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. காதில் விழுந்திருக்கிறது. கேட்டு, அப்பா மாதிரியே முன்கூட்டி இடம் பார்க்க வந்து, பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அம்மா பொய் சொன்னாள் என்றோ, அப்பா தடுத்துவிட்டார் என்றோ நினைத்திருப்பான். இனி எந்த பூத்திலிருந்து, யாருக்குப் பேசுவான்?

"மறுபடியும் வந்தா அந்தப் பாறையக் காட்டுங்க" என்றார் சூசைநாதன். "அவங்கப்பன் பாத்து வெச்ச எடம்னு சொல்லுங்க. படுத்துப் பாத்த எடம்னு சொல்லுங்க, அவனுக்குப் புரியும்."

"சொல்றேனுங்க. கட்டாயம் சொல்றேன்." வள்ளியாத்தாள் தயங்கினாள். "ஆனா அந்தப் புள்ள அவ்வளவு தூரம் மேல ஏறுமானு பாத்துக்குங்க."

"எந்தப் புள்ள?"

"கூட வந்துச்சே, அவரு சம்சாரம். மஞ்சக்கயிறு போட்டிருந்துச்சு. மாசமா இருக்குது, வயிறு நல்லாத் தெரிஞ்சுது. மேடேறவே முடியாம இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்துச்சு. எலுமிச்சந்தண்ணி போட்டுக் குடுத்தேன்."

சின்ன ரோடு அது. ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நிக்கோல் தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்தாள்.

விக்டோரியா கணவரின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். குருமடத்தை விட்டதே ஆறவில்லை. அதற்கு மேல் கல்யாணம், சொல்லாமல் கொள்ளாமல், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்ட பெண்ணோடு. இப்போது வரப்போகிற வார்த்தை எதுவானாலும் அதைத் தாங்க அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

சூசைநாதன் ஏரியைப் பார்த்தார். தோப்பு இருக்கிற திசையைப் பார்த்தார். அது ரோட்டிலிருந்து தெரியவில்லை. பாறைத் திட்டைப் பார்த்தார். அது நன்றாகத் தெரிந்தது. கை தானாக முதுகுக்குப் போய், சட்டையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சரளைக் கல்லை எடுத்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு இதுல படுக்க முடியாதே, மெர்வினம்மா" என்றார்.